நிக்கல் அலாய் வேலை எடுக்கலாமா? பேட்டைக் கடைசல் பட்டறைக்கு வரும் கேள்விகள்

திருநெல்வேலி பேட்டையில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். தொடங்கிய காலத்தில் அரிசி ஆலை ஷாஃப்ட், மோட்டார் பம்ப் புஷ், டிராக்டர் பின் என்றுதான் வேலை. ஒருநாள் தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒருவர் சாக்கில் சுற்றிய ஒரு பம்ப் ஷாஃப்ட்டைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இதே மாதிரி ஒண்ணு" என்றார். எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) என்று நினைத்து வாங்கி வைத்துவிட்டேன். அது மோனல், நிக்கல் அதிகமுள்ள ஒரு உலோகக் கலவை, அதாவது நிக்கல் அலாய். அன்றைக்குத் தீர்ந்த இன்சர்ட் (டூலில் மாற்றி மாற்றிப் பொருத்தும் வெட்டு முனை) கணக்கை இன்றைக்கும் வீட்டில் சொன்னதில்லை. இப்போது எங்கள் வேலையில் கணிசமான பங்கு நிக்கல் அலாய்தான். ஐடிஐ முடித்த பையன்கள், பக்கத்துப் பட்டறைக்காரர்கள், கம்பெனிகளில் கொள்முதல் பார்க்கிறவர்கள் எல்லாரும் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

இன்கோனல், மோனல், ஹேஸ்டலாய் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. மூன்றும் வணிகப் பெயர்கள், ஒவ்வொன்றும் ஒரு குடும்பம். மோனல் 400 என்றால் மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மீதியில் பெரும்பகுதி செம்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்டர்நேஷனல் நிக்கல் கம்பெனியின் தலைவராக இருந்த அம்ப்ரோஸ் மோனெல் பெயரில் வந்தது. இன்கோனலில் நிக்கலோடு குரோமியம் இருக்கும். அதற்குள்ளேயே 600, 625, 718 என்று ஏகப்பட்ட நம்பர். 625-இல் மாலிப்டினம் 8 முதல் 10 சதவீதம். 718-இல் நயோபியம் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும், சூட்டுப் பதம் கொடுத்தால் இறுகும். ஹேஸ்டலாய் சி-276-இல் மாலிப்டினம் 15 முதல் 17 சதவீதம், கூடவே கொஞ்சம் டங்ஸ்டன். அமிலத்துக்கு அது ராஜா. இவை போக நிக்கல் 200, 201 என்று ஏறக்குறையச் சுத்த நிக்கலும் உண்டு.

"இன்கோனல் ராடு ஒரு அடி வேணும்" என்று மட்டும் சொல்வது, கடையில் போய் "அரிசி கொடுங்க" என்பது மாதிரி. நம்பர் இல்லாமல் விலையும் சொல்ல முடியாது, வேகமும் சொல்ல முடியாது.

நம்ம பக்கத்தில் இதற்கு உண்மையிலேயே வேலை இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் பலர் நினைக்கிற இடத்தில் இல்லை.

எல்லாரும் முதலில் கேட்பது மகேந்திரகிரி. பணகுடிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில்தான் விகாஸ் எஞ்சினும் கிரையோஜெனிக் எஞ்சினும் சோதிக்கப்படுகின்றன. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, திரவ ஆக்ஸிஜன் மைனஸ் 183 டிகிரி. அந்தக் குளிரில் சாதாரண இரும்பு கண்ணாடி மாதிரி உடையும். நிக்கல் அலாய் உடையாது, அதன் படிக அமைப்பு அப்படி. ஒரே எஞ்சினில் ஒரு பக்கம் அந்தக் குளிர், ஒரு சாண் தள்ளி எரிவாயுவின் சூடு. இரண்டையும் தாங்கும் உலோகம் அதிகம் கிடையாது. அதனால்தான் அங்கே இதற்கு மதிப்பு. ஐதராபாத்தில் உள்ள அரசு நிறுவனமான மிதானி 'சூப்பர்னி' என்ற பெயரில் இந்த வகை அலாய்களை உருக்கித் தருகிறது. 2024 பிப்ரவரி 28-இல் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியபிறகு எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாருக்கும் ராக்கெட் கனவு வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் எஞ்சின் பாகம் நேராக ஒரு சின்னப் பட்டறைக்கு வராது. அதற்கு முந்தைய தரச் சான்றுகளின் படிக்கட்டு நீளமானது.

கூடங்குளத்தைப் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் உண்டு. "அணு உலை என்றால் இன்கோனல் குழாய்தானே" என்பார்கள். மேலை நாட்டு அழுத்த நீர் உலைகளில் நீராவி உற்பத்திக் குழாய்களுக்கு அலாய் 600 போட்டார்கள். அது அழுத்தமும் அரிப்பும் சேர்ந்து விரிசல் விட்டதால் பிறகு 690-க்கு மாறினார்கள். கூடங்குளத்தில் இருப்பது விவிஇஆர் என்ற ரஷ்ய வகை அழுத்த நீர் உலை. அதன் நீராவிக் குழாய்கள் டைட்டானியம் சேர்த்த எஸ்எஸ் வகை.

எங்களுக்குச் சோறு போடுவது ரசாயன ஆலை வேலை. சாகுபுரம், தூத்துக்குடி பக்கம் காஸ்டிக் சோடா, உரம், அமிலம் என்று பல ஆலைகள். சூடான கெட்டியான காஸ்டிக்குக்கு நிக்கல் 200 அல்லது 201, உப்பு நீர்ப் பம்புக்கு மோனல் ஷாஃப்ட், ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஓடுகிற இடத்தில் ஹேஸ்டலாய் வால்வுத் தண்டு என்று இந்தத் தொழிலில் பொதுவாக வரும் தேவைகள் இவை. ஒரு ஷாஃப்ட், நாலு போல்ட், ஒரு தெர்மோவெல் (வெப்பமானியைக் காக்கும் உறை) என்று சின்னச் சின்னதாக வரும். அவசரமாகவும் வரும்.

இது ஏன் இவ்வளவு பாடு படுத்துகிறது? எஸ்எஸ்-ஐ விடக் கெட்டியா?

கெட்டி மட்டும் காரணம் என்றால் பெரிய லேத் வாங்கினால் போதுமே. அப்படி இல்லை. மூன்று குணங்கள் சேர்ந்து நம்மைப் பிடிக்கின்றன.

முதலாவது சூடு. எம்எஸ் (சாதாரண மென் எஃகு) வெட்டும்போது பிறக்கிற சூட்டில் பெரும்பகுதி சுருளோடு பறந்துவிடும், மீதி வேலைத்துண்டுக்குள் இறங்கும். 718-இன் வெப்பம் கடத்தும் திறன் எம்எஸ்-இல் நாலில் ஒரு பங்குகூட இல்லை. சூடு போக வழியில்லாமல் இன்சர்ட்டின் நுனியிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது, சூடானாலும் இது இளகாது. இதன் பிறவிப் பயனே அதுதான். பதம் போட்ட 718 அறை வெப்பத்தில் 1034 மெகாபாஸ்கல் வரை வளையாமல் நிற்க வேண்டும் என்பது விமானத் தரம். 650 டிகிரியிலும் 860 வரை தாங்க வேண்டும். நாம் வெட்டும் முனையில் இருக்கும் சூட்டில் எஸ்எஸ் மசிந்து வழிவிடும், இது விடாது.

மூன்றாவதுதான் மோசமானது. வேலை செய்யச் செய்ய இறுகும். செம்புப் பானை தட்டுகிற கன்னாரைப் பார்த்திருப்பீர்கள். நாலு சுற்றுத் தட்டியதும் தகடு விறைத்துக்கொள்ளும். அதற்குமேல் தட்டினால் கிழியும் என்று தெரிந்து தீயில் காட்டி இளக்கி, மறுபடி தட்டுவார். நிக்கல் அலாயும் அந்த ஜாதிதான், ஆனால் பல மடங்கு வேகமாக விறைக்கும். நம் டூல் ஒருமுறை ஓடிப்போன இடத்தில் மேல்தோல் இறுகிப்போயிருக்கும். அடுத்த வெட்டு அந்தத் தோலுக்கு உள்ளேயே ஓடினால் டூல் செத்தது.

அப்படியென்றால் பயந்து பயந்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் பாதுகாப்பாக இருக்குமே?

எல்லாரும் செய்கிற தப்பு இது. நானும் அந்த முதல் மோனல் ஷாஃப்ட்டில் இதைத்தான் செய்தேன். விலை உயர்ந்த பொருள், கெட்டுவிடக் கூடாது என்று 0.05 மில்லி (மில்லிமீட்டர்) ஆழம், நூல் மாதிரி ஃபீட் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்). டூல் வெட்டவே இல்லை, உரசியது. உரச உரசத் தோல் இறுகியது, இறுக இறுக இன்னும் உரசியது. கடைசியில் ஷாஃப்ட் பளபளவென்று மின்னியது, அளவில் மட்டும் மாற்றமே இல்லை.

நிக்கலில் வேகம் குறைவாக இருக்க வேண்டும், ஆழமும் ஃபீடும் தாராளமாக இருக்க வேண்டும். முந்தைய வெட்டு இறுக்கிவிட்ட தோலுக்குக் கீழே டூல் போக வேண்டும். ரஃபிங்கில் (முதல் கட்ட முரட்டு வெட்டில்) ஒன்றரை, இரண்டு மில்லி எடுங்கள். ஃபினிஷுக்குக் குறைந்தது கால் மில்லியாவது மிச்சம் வையுங்கள். ஃபீட் 0.1-க்குக் கீழே போகாதீர்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போது ஃபீடை நிறுத்தி டூலை அங்கேயே சுற்றவிடக் கூடாது. போன் வந்தால் எடுக்காதீர்கள். நிறுத்த வேண்டுமென்றால் முதலில் டூலை வெளியே இழுத்துவிட்டு நிறுத்துங்கள்.

எங்கள் பட்டறைச் சுவரில் "உரசாதே, வெட்டு" என்று சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறோம். புதிதாக வருகிற பையன்கள் வேறு ஏதோ அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள். பரவாயில்லை, மறக்க மாட்டார்கள்.

சரி, எத்தனை ஆர்பிஎம்?

ஆர்பிஎம்-ஐக் கேட்காதீர்கள், வெட்டு வேகத்தைக் கேளுங்கள். கார்பைடு இன்சர்ட்டுக்கு 718-இல் நிமிடத்துக்கு 30 முதல் 50 மீட்டர். பதம் போட்டு இறுக்கிய துண்டு என்றால் கீழ் எல்லையில் தொடங்குங்கள். ஹைஸ்பீடு ஸ்டீல் டூல் என்றால் 5 முதல் 8 மீட்டர்தான்.

கணக்கு ஐடிஐ-இல் படித்ததுதான்: வேகத்தை 1000-ஆல் பெருக்கி, 3.14-ஐயும் விட்டத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 50 மில்லி ராடு, 40 மீட்டர் வேகம் என்றால் 255 ஆர்பிஎம் வரும். அதே ராடு எம்எஸ் ஆக இருந்தால் 200 மீட்டர் வேகத்தில் 1270-ஐத் தாண்டி ஓட்டுவோம். ஐந்தில் ஒரு பங்கு. "இவ்வளவு மெதுவா ஓட்டினா என்னைக்கு முடிக்க அண்ணாச்சி?" என்று ஆப்பரேட்டர் கேட்பார். அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் ரேட் போட வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

செராமிக் இன்சர்ட் போட்டால் 200 மீட்டருக்கு மேல் போகலாம் என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு மிஷின் பாறை மாதிரி நிற்க வேண்டும், துண்டும் பருமனாக இருக்க வேண்டும். எங்களிடம் வரும் மெலிந்த ஷாஃப்ட் வேலைக்கு அது ஒத்துவரவில்லை, இரண்டு பெட்டி வாங்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

எந்த இன்சர்ட் வாங்குவது?

கூர்மையான முனை, பாசிட்டிவ் ரேக் (சுருள் எளிதாக வழுக்கும் முனைச் சாய்வு), நுண்மணி கார்பைடு, மெல்லிய பிவிடி பூச்சு (ஆவியாக்கிப் படியவைத்தது). தடித்த பூச்சுள்ள வார்ப்பிரும்பு கிரேடை இதில் போடாதீர்கள். அதன் முனை மழுங்கலாக இருக்கும், மறுபடி உரசல்தான்.

இன்சர்ட் எங்கே தேய்கிறது என்று பார்க்கப் பழகுங்கள். நிக்கலில் நுனி தேய்வதற்கு முன்பே, வெட்டு ஆழம் முடிகிற கோட்டில் ஒரு பள்ளம் விழும். இறுகிய தோல் அந்த இடத்தில்தான் உரசுகிறது. அதைக் குறைக்க இரண்டு வழி உண்டு. வட்ட இன்சர்ட் அல்லது 45 டிகிரி சாய்வுள்ள ஹோல்டர் போட்டால் அந்தத் தேய்மானம் நீளமான முனையில் பரவிவிடும். அது இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஆழத்தைச் சற்று மாற்றுங்கள், முதலில் 2, அடுத்து 1.6 என்று. காசில்லாத வைத்தியம் இது.

ஒரு முனைக்குப் பத்துப் பதினைந்து நிமிட ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் ஒரு பாஸ் ஓடும்" என்று பேராசைப்படாதீர்கள். மழுங்கிய முனை துண்டின் தோலையும் கெடுத்துவிட்டுத்தான் சாகும், அடுத்துப் போடும் புது முனையும் அதில் அடிபடும். கடைசி ஃபினிஷ் பாஸுக்கு எப்போதும் புது முனை.

கூலன்ட் அவசியமா?

கார்பைடு என்றால் கட்டாயம், அதுவும் வெள்ளமாக. சொட்டுச் சொட்டாக விடுவது விடாததைவிட மோசம். சூடான கார்பைடு மேல் விட்டுவிட்டு விழும் துளி முனையில் வெடிப்பை உண்டாக்கும். ஹோல்டர் வழியாக 70 பார் அழுத்தத்தில் பீய்ச்சும் வசதி சிஎன்சி-இல் (கணினி ஓட்டும் மிஷினில்) இருந்தால் சுருளும் ஒடியும், சூடும் தணியும்.

எண்ணெய்க் கலவை 8 முதல் 10 சதவீதம் வைக்கிறோம், ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் செறிவைக் காட்டும் கருவி) பார்த்து. கண்ணளவு வேண்டாம். தண்ணீர் விஷயத்தில் தாமிரபரணிக்குக் கும்பிடு போட வேண்டும். போர்வெல் தண்ணீரில் கலந்தால் எண்ணெய் திரிந்து மேலே மிதக்கும். ஆற்றுத் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை.

என்னிடம் பழைய லேத்துதான் இருக்கிறது. முடியுமா?

மோனலும் நிக்கல் 200-ம் தாராளமாக முடியும். பிசின் மாதிரி ஒட்டும், ஆனால் வெட்டும். ஹேஸ்டலாய், 625 என்றால் லேத்தின் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். கிராஸ் ஸ்லைடில் ஆட்டம் இருக்கக் கூடாது, டூலை வெளியே நீட்டிக் கட்டக் கூடாது, டெயில்ஸ்டாக் தாங்கல் வேண்டும். பதம் போட்ட 718-ஐப் பழைய லேத்தில் தொடாதீர்கள்.

டிரில்லும் டேப்பும் (உள்மரை வெட்டும் கருவி) உள்ளேயே ஒடிந்துவிடுகிறது. என்ன செய்ய?

இதற்கு நான் கொடுத்த விலை அதிகம். ஒரு 625 ஃபிளாஞ்ச்சில் எட்டுத் துளை. ஏழு முடிந்துவிட்டது. எட்டாவதில் டிரில் சற்று மழுங்கியிருந்தது தெரிந்தும், "ஒண்ணுதானே" என்று இறக்கினோம். நடுவில் கீச்சென்று சத்தம் வந்தது, ஃபீடை விட்டுவிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கினோம். அதற்குள் அடியில் ஒரு கண்ணாடித் தோல். டிரில் உள்ளே ஒடிந்தது. அதை எடுக்க மதுரைக்கு இடிஎம் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும்) பட்டறைக்கு அனுப்பினோம். வாடிக்கையாளர் பொறுத்துக்கொண்டார், லாபம் பொறுத்துக்கொள்ளவில்லை.

அதனால் கோபால்ட் டிரில் அல்லது கார்பைடு டிரில், குட்டையானது. 8 மில்லி கோபால்ட் டிரில்லுக்கு 6 மீட்டர் வேகம் என்றால் 240 ஆர்பிஎம். ஃபீடைக் கையில் விடாதீர்கள், ஆட்டோ ஃபீட் போடுங்கள். சுருள் எடுக்க வெளியே வந்தால் வேகமாக வந்து வேகமாகத் திரும்புங்கள், அடியில் நின்று சுற்றக் கூடாது. சென்டர் பஞ்ச்சை ஓங்கி அடிக்காதீர்கள், அந்த ஒரு அடியிலேயே அந்த இடம் இறுகிவிடும். எத்தனை துளைக்கு ஒருமுறை டிரில் மாற்றுவது என்று முதலிலேயே முடிவு செய்து மாற்றிவிடுங்கள், நன்றாக இருந்தாலும்.

டேப்புக்குத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கலாம். எம்10-க்கு வழக்கமாக 8.5 போடுவோம். 6எச் என்ற உள்மரைத் தர அளவில் உள்விட்டம் 8.676 வரை அனுமதி உண்டு, அதனால் 8.6 போடுங்கள். அந்த 0.1 மில்லியில் டேப்பின் சுமை எவ்வளவு குறைகிறது என்று கையிலேயே தெரியும். விஎம்சி (கணினி ஓட்டும் மில்லிங் மிஷின்) இருந்தால் டேப்பை மறந்துவிட்டு திரெட் மில் (துளைக்குள் சுற்றி வந்து மரை வெட்டும் கருவி) போடுங்கள். ஒடிந்தாலும் துண்டுக்குச் சேதம் இல்லை.

718-ஐ எப்போது கடைவது, பதத்துக்கு முன்பா பின்பா?

இரண்டிலும். இளக்கிய நிலையில் வாங்கி ரஃப் செய்துவிட்டுப் பதத்துக்கு அனுப்புகிறோம். வழக்கமான பதம் 718 டிகிரியில் 8 மணி நேரம், அப்புறம் உலையிலேயே மெதுவாக 621-க்கு இறக்கி அங்கே 8 மணி நேரம். அலாயின் நம்பரும் பத வெப்பமும் ஒன்றாக இருப்பது தற்செயல்தானாம், ஆனால் ஞாபகம் வைக்க வசதி. வந்தபிறகு கடினம் 36 ராக்வெல்லுக்கு மேல் போயிருக்கும். ஒரு விஷயம் கவனம்: பதத்தில் துண்டு சற்றுச் சுருங்கும், 100 மில்லிக்கு 0.08 அளவுக்கு. ஃபினிஷ் அளவுக்கே கடைந்து அனுப்பிவிட்டு, குறைகிறதே என்று உலைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

சூடு காட்டுவதற்கு முன் கழுவச் சொல்கிறார்களே, அவ்வளவு முக்கியமா?

வெல்டிங் ஆனாலும் உலை ஆனாலும், நிக்கலுக்குக் கந்தகம் விஷம். கந்தகமும் நிக்கலும் சேர்ந்தால் 640 டிகிரியை ஒட்டியே உருகிவிடும் ஒரு கலவை உண்டாகிறது. அது உலோகத்தின் மணிகளுக்கு இடையில் ஊடுருவி, துண்டு வெளியே முழுசாகவும் உள்ளே நொறுங்கலாகவும் ஆகிவிடும். ஈயம், துத்தநாகம், பாஸ்பரஸ் இவற்றாலும் இதே கதைதான்.

இந்த விஷமெல்லாம் பட்டறையில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பழைய கட்டிங் ஆயிலில் கந்தகம். கிரீஸில். சில மார்க்கர் பேனா, கிரேயான் கோட்டில். கால்வனைஸ் தகடு அறுத்த அதே மேஜையில் துத்தநாகத் தூள். ஒருமுறை நாங்களே பற்றவைத்த ஒரு குழாயில் சாயம் தடவிச் சோதித்தபோது, பற்றின் ஓரத்தில் சரியாக ஒரு விரல் அகலத்துக்கு மயிரிழை விரிசல்கள். யோசித்துப் பார்த்தால் அங்கேதான் எண்ணெய்க் கையோடு பிடித்து நிறுத்தியிருந்தோம். இப்போது அசிட்டோனில் துடைத்த பிறகு கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது. பற்றுக்கு இரண்டு பக்கமும் 50 மில்லி வரை சுத்தம். கம்பி பிரஷ் எஸ்எஸ் தான், அதுவும் நிக்கலுக்கென்று தனியாகச் சிவப்பு நூல் கட்டியது.

வெல்டிங்குக்கு எந்த ஃபில்லர் (பற்றில் உருக்கிச் சேர்க்கும் கம்பி)? எஸ்எஸ் ராடு போதாதா?

எஸ்எஸ் ராடு போதாது. பார்க்க ஒட்டியது மாதிரி இருக்கும், ஓடும் இடத்தில் அந்தப் பற்றுதான் முதலில் அரிக்கும்.

625-க்கு ஈஆர்என்ஐசிஆர்எம்ஓ-3, சி-276-க்கு அதே வரிசையில் 4, மோனல் 400-க்கு ஈஆர்என்ஐசியு-7. எம்எஸ்-ஓடு நிக்கல் அலாயை இணைக்க 625 ஃபில்லர் பெரும்பாலும் கைகொடுக்கும். டிக் வெல்டிங், சுத்த ஆர்கான், குழாய் என்றால் உள்ளேயும் ஆர்கான் நிரப்ப வேண்டும். முன்சூடு வேண்டாம். உருகிய குட்டை எஸ்எஸ் மாதிரி ஓடிப் பரவாது, கெட்டித் தேன் மாதிரி நிற்கும். அதை ஓட வைக்க ஆம்பியரைக் கூட்டாதீர்கள். விளிம்பின் சாய்வை அகலமாக வெட்டிக்கொண்டு, டார்ச்சைச் சற்று ஆட்டி, நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். ஓட்டத்துக்கு ஓட்டம் இடையில் சூடு 100 டிகிரிக்குக் கீழே இறங்கியாக வேண்டும், சி-276-க்கு 93. சித்திரை வெயிலில் பட்டறைக்குள்ளேயே 40 டிகிரி. ஆறவே ஆறாது. வெல்டர் டீ குடித்துவிட்டு வரட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம் எங்கள் ஊருக்கே உரிய தொல்லை, காற்று. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று வள்ளியூர், பணகுடி பக்கம் ஆளையே தள்ளும், பேட்டையிலும் ஷட்டரை ஆட்டும். காற்றாலைக்காரருக்குக் கொண்டாட்டம், ஆர்கானுக்குத் திண்டாட்டம். டார்ச்சின் காப்பு வாயு ஒரு பக்கமாகப் பறந்துபோய், பற்றில் பொடிப்பொடித் துளைகள் விழும். பொறுமையாகப் பார்த்தால் பற்று வெள்ளி நிறத்தில் இல்லாமல் சாம்பலாக இருக்கும். அந்த இரண்டு மாதமும் நாங்கள் தார்பாய் கட்டிய மூலையில்தான் நிக்கல் பற்றவைக்கிறோம். ஃபேன் கிடையாது. வெல்டர்கள் திட்டுவார்கள்.

718-ஐப் பற்றவைக்கலாமா என்றும் கேட்பார்கள். பதத்தில் இறுகும் அலாய்களில் அதுதான் பற்றவைப்புக்குக் கொஞ்சம் இணக்கமானது. நயோபியம் சேர்ந்த நுண்துகள்கள் மெதுவாகத்தான் உருவாகும், அதனால் பற்றவைத்துப் பதம் போடும்போது விரிசல் விழும் அபாயம் குறைவு.

தகடு அறுக்க கேஸ் கட்டிங் போதுமா? வளைக்க முடியுமா?

கேஸ் கட்டிங் வேலைக்கு ஆகாது. பிளாஸ்மா அல்லது வாட்டர்ஜெட். பிளாஸ்மா என்றால் விளிம்பைக் கிரைண்டரில் உரித்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். பேண்ட்சாவுக்கு மெதுவான வேகம், அழுத்தமான ஃபீட், லேத் கதைதான். வளைத்தால் எஸ்எஸ்-ஐ விட அதிகமாகத் திரும்பி எழும்பும், அதற்கு இடம் விட்டு வளையுங்கள். ரோலரில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூள் தகட்டில் பதிந்தால் பின்னால் துருப்புள்ளியாக வரும், பிளாஸ்டிக் ஷீட் சுற்றிக்கொள்ளலாம்.

வாங்கிய ராடு அசல்தானா என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியை வேலைக்கு முன்பு கேட்கிறவர் பிழைத்துக்கொள்வார். ஒரு வியாபாரி சி-276 என்று கொடுத்த ராடில் நாங்கள் வால்வுத் தண்டு கடைந்தோம். "இன்னைக்கு என்ன, லேசா வெட்டுது?" என்று டர்னர் சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. எக்ஸ்ரே துப்பாக்கி (உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கைக்கருவி) வைத்துப் பார்க்கச் செய்தால், 316 எஸ்எஸ். காகிதத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது.

ராடில் குத்தியிருக்கும் ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்) சான்றிதழில் இருக்கும் ஹீட் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். ராடை அறுத்தால் நம்பர் இருக்கும் பக்கத்தை வைத்துக்கொண்டு, மறு பக்கத்தில் உடனே நம்பரைக் குத்துங்கள். எக்ஸ்ரே துப்பாக்கிச் சோதனை பெரிய வேலைகளில் கட்டாயம். ஆனால் அது கார்பனைக் காட்டாது. நிக்கல் 200-ஐயும் 201-ஐயும் பிரிப்பது கார்பன் மட்டும்தான், 315 டிகிரிக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 201-தான் போட வேண்டும். அங்கே துப்பாக்கியை நம்பாதீர்கள், ரசாயனச் சோதனைக்குக் கொடுங்கள்.

எடையும் ஒரு குறிப்பு. 316 கன சென்டிமீட்டருக்கு 8 கிராம், சி-276 கிட்டத்தட்ட 8.9. தராசும் வெர்னியரும் இருந்தால் போதும். அந்தப் போலி ராடை அன்றைக்கு எடை போட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். 625, 718, சி-276 எதுவும் காந்தத்தில் ஒட்டாது, 316-ம் ஒட்டாது. மோனல் 400 இன்னும் வேடிக்கை. அதன் காந்த குணம் போகிற வெப்பம் 20-க்கும் 50 டிகிரிக்கும் இடையில், கலவையைப் பொறுத்து மாறும். மார்கழி விடியலில் லேசாக ஒட்டுகிற ராடு, வெயிலில் கிடந்தால் மத்தியானம் ஒட்டாது. இதை வைத்தே இரண்டு பேர் என் பட்டறையில் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருவர் ஏசி அறையில் சோதித்தவர், மற்றவர் லாரியிலிருந்து இறக்கியபோது சோதித்தவர்.

ரேட் எப்படிப் போடுவது?

எஸ்எஸ் ரேட்டை எடுத்து அதில் கொஞ்சம் கூட்டிப் போட்டால் நஷ்டம். ஓடும் நேரத்தைத் தனியாகக் கணக்குப் போடுங்கள், எஸ்எஸ்-ஐப் போல மூன்று மடங்கு, நாலு மடங்கு ஆகும். இன்சர்ட்டை முனைக் கணக்கில் எழுதுங்கள். ஒரு துண்டு கெட்டால் பொருள் யாருடையது என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள், இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பொருளை நாமே வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் விலைக்கு ஒரு வாரத்துக்கு மேல் உறுதி கொடுக்காதீர்கள். 2022 மார்ச் 8-ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போய், வர்த்தகத்தையே நிறுத்தி வைத்தார்கள்.

உடம்புக்கு ஏதும் ஆகுமா?

சிலருக்கு நிக்கல் பட்டால் தோல் அரிக்கும், கவரிங் நகை போட்டால் அரிக்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களை இந்த வேலையில் விடாதீர்கள். பெரிய ஆபத்து கிரைண்டிங் தூளும் வெல்டிங் புகையும். நிக்கல் சேர்மங்களும், புகையில் வரும் ஆறு இணைதிற குரோமியமும் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் முதல் வகுப்பில் இருக்கின்றன. துண்டை மூக்கில் கட்டுவது போதாது. சரியான முகமூடியும், புகையை உறிஞ்சும் குழாயும் வேண்டும். காற்றுக்குத் தார்பாய் கட்டும் மூலையில் இது இரண்டு மடங்கு அவசியம்.

சுருளை என்ன செய்கிறீர்கள்?

எடைக்கு விற்கிறோம், நல்ல விலைக்கு. ஆனால் ஒரு பிடி எம்எஸ் சுருள் கலந்தாலும் விலை பாதியாகிவிடும். அதனால் நம்பருக்கு ஒரு டப்பா, 625 தனி, 718 தனி, மோனல் தனி. எண்ணெயை வடிய விட்டு மூடி வைக்கிறோம். சாயங்காலம் லேத்தைக் கூட்டும் பையனிடம் அன்றைக்கு ஓடியது எந்த நம்பர் என்று சொல்லிவிட்டுத்தான் ஆப்பரேட்டர் கை கழுவப் போக வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்குத்தான் எங்கள் பட்டறையில் அடிக்கடி சத்தம் கேட்கும்.